நாலாம் இலக்கத் தட்டு

டொரதி லேபல் ஒட்டினால் ஒட்டினதுதான். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் அவள் வேலை செய்யும் ஆய்வுகூடத்தில் இருபத்திரண்டு வருடமாக இதுதான் பேச்சு. எத்தனையோ மாணவர்கள் வந்து பட்டத்தை வாங்கிக்கொண்டு போனார்கள். குளிர்ப்பெட்டியே மூன்று தடவை மாறிவிட்டது. அவள் ஒட்டிய லேபல் ஒன்றாவது ஆள் மாறிப்போனதாக யாரும் நிரூபித்ததில்லை. இரண்டு பேர் முயன்று பார்த்தார்கள். கடைசியில் பிழை தங்களுடையதுதான் என்று தெரிந்து, ஆளுக்கொரு கேக் துண்டு வாங்கி வந்து நீட்டினார்கள். அவள் சாப்பிட்டாள். மன்னித்தாளா என்பது வேறு கதை.

கலஹாப் பக்கம் தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடொன்றில் பிறந்தவள். உயர்தரப் பரீட்சையில் இரசாயனவியல் காலை வாரிவிட்டதால் போத்தல் கழுவுகிற வேலைக்குச் சேர்ந்து, உயிர்க்கலம் வளர்க்கப் பழகி, இன்றைக்கு அவள் இல்லாவிட்டால் அந்த ஆய்வுகூடத்தில் ஒரு கதவும் திறக்காது என்கிற நிலைக்கு வந்துவிட்டாள். வயது நாற்பத்தாறு. கலியாணம் செய்துகொள்ளவில்லை. சொந்தம் என்று சொல்லத் தம்பி றெஜினோல்ட் ஒருவன்தான். கலஹாவில் த்ரீவீல் ஆட்டோ ஓட்டுகிறான்.

அவளுடைய இப்போதைய மேலதிகாரி டொக்டர் நிரஞ்சனி, யாழ்ப்பாணத்துக்காரி. அவர் ஆராய்வது துளிகளை. நம் உடம்பின் கலங்களுக்குள் புரதங்களும் ஆர்.என்.ஏ. இழைகளும் தங்கள் பாட்டில் மிதந்து திரிகின்றன. கலத்துக்குச் சூடோ நஞ்சோ பட்டால் அவை கூடித் துளிகளாகிவிடும். அந்தத் துளிகளுக்குச் சுவரும் இல்லை, தோலும் இல்லை. ரசத்தில் மிதக்கும் எண்ணெய்ப் பொட்டுகள் போல ஒன்றோடொன்று முட்டி, சேர்ந்து, பெரிதாகும். டொரதி இதை முதன்முதல் நுணுக்குக்காட்டியில் பார்த்தபோது அவளுக்கு ஞாபகம் வந்தது தோட்டத்து மடுவம். மழை பிடித்தால் கொழுந்து பறிக்கிறவர்கள் எல்லாரும் அந்த நிறுக்கிற கொட்டகைக்குள் ஒதுங்குவார்கள். மழை விட்டதும் கலைந்து மலையேறிவிடுவார்கள். நல்ல கலத்திலும் அப்படித்தான். சூடு தணிந்து இரண்டு மணித்தியாலத்தில் துளிகள் கரைந்துவிடும்.

சில குடும்பத்துக் கலங்களில் மட்டும் மழை விட்டும் கூட்டம் கலையாது. துளி அப்படியே நின்று, மெல்ல இறுகி, கட்டிபட்டுவிடும். அப்படிப்பட்டவர்களுக்குத் தசையை இயக்கும் நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துப்போகிற நோய் பரம்பரையாக வருகிறது. முதலில் கால் சொன்னபடி கேட்காது, அல்லது நாக்கு குழறும். கடைசியில் மூச்சும் வராது. குணமாக்க மருந்து இல்லை.

அந்த நோய் உள்ள ஐந்து பேர், சுகதேகிகள் ஐந்து பேர் என்று பத்துப் பேரின் முன்கையிலிருந்து மிளகளவு தோல் எடுத்து, ஆளுக்கொரு தட்டில் கலம் வளர்ப்பதாக ஏற்பாடு. சுகதேகிகளில் ஒருவர் ஊசியைக் கண்டதும் பின்கதவால் போய்விட்டார். வேறு யாரைத் தேடுவது என்று டொரதி தன் கையையே நீட்டினாள். படிவத்தையும் முறையாக நிரப்பினாள். குடும்பத்தில் யாருக்காவது நரம்பு நோய் உண்டா? இல்லை. தகப்பன் இறந்த காரணம்? குடி. எது யாருடைய கலம் என்பது அவளுடைய கொப்பியில் மட்டும் இருந்தது. டொக்டருக்கு ஒன்றிலிருந்து பத்து வரை இலக்கம்தான் தெரியும். தெரிந்துகொண்டு பார்த்தால் கண் ஆசைப்பட்டதைத்தான் பார்க்கும் என்று அப்படி ஒரு விதி. அவளுடையது நாலு.

புதன்கிழமை காலை தட்டுகளைச் சூட்டில் வைத்து எடுத்து, இரண்டு மணித்தியாலம் ஆறவிட்டார்கள். டொக்டர் நுணுக்குக்காட்டியில் கண்ணை வைத்துக்கொண்டு சொல்ல, டொரதி எழுதினாள்.

"ஒண்டு, கரைஞ்சிட்டுது. ரெண்டு, அப்பிடியே நிக்குது. மூண்டு, கரைஞ்சிட்டுது. நாலு..." டொக்டர் குமிழைத் திருப்பினார். "நாலு, நிக்குது."

"திரும்பப் பாருங்க மிஸ்," என்றாள் டொரதி. இத்தனை வருடத்தில் அவள் யாரிடமும் அப்படிச் சொன்னதில்லை.

டொக்டர் திரும்பப் பார்த்தார். இன்னொரு மணித்தியாலம் விட்டும் பார்த்தார். சாயத்தில் பச்சையாக ஒளிர்ந்த துளிகள் இருந்த இடத்திலேயே இருந்தன. கடைசியில் எண்ணினால் கரையாத தட்டுகள் ஆறு. நோயாளிகளோ ஐந்து பேர். டொரதி கொப்பியைப் பார்த்து நோயாளிகளின் இலக்கங்களை மட்டும் வாசித்தாள். அதில் நாலு இல்லை.

டொக்டர் சிரித்துவிட்டார். "அக்கா, ஒரு நோயாளியின்ர கலத்தை நாலிலயும் போட்டிட்டியள் போல. பரவாயில்லை, மனுசருக்குப் பிழை வாறதுதானே. நாலை எறிஞ்சிட்டு வேற ஆரிட்டயாவது எடுப்பம்."

ஓம் மிஸ், என் பிழைதான் என்று சொன்னால் போதும், தட்டு குப்பைக்குப் போய்விடும். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு பிழைக்காக யாரும் அவள் தலையைச் சீவப்போவதில்லை. அவள் பழையபடி சுகதேகியாக நாலரை மணி பஸ்ஸில் ஏறி வீட்டுக்குப் போகலாம். டொரதிக்கு அது வேண்டும்போல் இருந்தது. வெட்கமில்லாமல் வேண்டும்போல் இருந்தது.

ஆனால் அப்பா கபிரியேல் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றார். ஞாயிற்றுக்கிழமைகளில் போத்தலைத் தொட்டவர்தான், இல்லையென்பதற்கில்லை. நாற்பத்தொரு வயதில் நடையில் தள்ளாட்டம் வந்தது, பிறகு பேச்சுக் குழறியது. தள்ளாடுகிறவனைக் குடிகாரன் என்று சொல்ல லயத்தில் யாருக்கும் டொக்டர் எழுதிய துண்டு தேவைப்படவில்லை. கங்காணி ஏசினார், பங்குச் சுவாமியார் புத்தி சொன்னார், பள்ளிக்கூடம் விட்டு வரும் டொரதி அவரைக் கண்டால் மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டாள். கடைசி வருடம் அவரால் தண்ணீரே விழுங்க முடியவில்லை. அப்படிப்பட்டவர் எதைக் குடித்திருப்பார் என்று ஒரு ஆளாவது யோசித்ததுண்டா? அவளே யோசிக்கவில்லை. போன மாதம்கூடத் தன் கையாலேயே குடி என்று எழுதிக் கொடுத்தாள்.

போன ஞாயிறு பூசைக்கு வந்த றெஜினோல்டுக்கும் நாக்கு குழறியது. த்ரீவீல் ஸ்டாண்டில் எல்லாரும் சொல்வது சரிதான், இவன் காலையிலேயே போட்டுக்கொள்கிறான் என்று கோயில் வாசலிலேயே அவனைக் கிழித்துத் தோரணம் கட்டினாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். நாலாம் தட்டு குப்பைக்குப் போனால் அவனும் அப்பா போன வழியில் அதே பெயரோடு போகவேண்டியதுதான்.

"பிழை இல்ல மிஸ்," என்றாள். குரல் அவளுக்கே பிடிக்காத மாதிரி வந்தது. "நான் மாத்திப் போடல. நாலாம் நம்பர் நான்தான்."

டொக்டர் கதிரையைத் திருப்பி அவளைப் பார்த்தார். "அக்கா, ஒரு தட்டை வச்சு ஒண்டும் முடிவு சொல்லேலாது. இரத்தத்தில மரபணு பாக்கவேணும். அப்பாவுக்கு என்ன வருத்தம் எண்டு எழுதினனீங்கள்?"

"குடின்னு எழுதினேன். பொய் மிஸ். அது எனக்கே இப்பதான் தெரியும்."

அவள் விறாந்தைக்குப் போய்த் தம்பிக்குப் போன் எடுத்தாள். ஐந்தாறு தடவை அடித்த பிறகுதான் அவன் எடுத்தான். பின்னால் த்ரீவீல் ஓடும் சத்தம் கேட்டது. அவள் வாய் திறக்கும் முன்பே அவன் முந்திக்கொண்டான்.

"அக்கா, அந்தோனியார் மேல சத்தியமா இன்னைக்கு நான் குடிக்கல." சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தன.

"தெரியும்டா," என்றாள் டொரதி. "வண்டிய ஓரமா நிப்பாட்டு. இனி அத ஓட்டாத. நான் வாறேன்."