முந்திப் பழுத்த கதிர்

எங்கள் வயலில் நெல் பிந்தித்தான் விளையும். இதைக் குறையாகச் சொல்லவில்லை, ஊருக்கெல்லாம் தெரிந்த சங்கதியாகச் சொல்கிறேன். ஒரே கால்வாய்த் தண்ணீர், ஒரே மண், ஒரே வாரத்தில் நடவு. சுற்றியுள்ள வயல்களில் மாசியில் கும்பப்பூ விளைச்சலை அறுத்து, சூடடித்து, வைக்கோலும் காய்ந்துவிடும். எங்கள் இரண்டு வயல் மட்டும் பச்சைப் பசேலென்று நிற்கும், வெட்கமே இல்லாமல். பக்கத்து வயல்காரர் வரப்பில் நின்று அம்மையிடம் கேலி செய்வார்: "உங்க நெல்லு ஞாயித்துக்கிழமை கோயிலுக்குப் போயிட்டு வந்துதான் வெளையுமோ?"

அம்மை சிரிக்கமாட்டாள். அவர் நல்ல மனிதர், எங்கள் அப்பாவின் சிநேகிதர், வேறு சாமி கும்பிடுகிறவர். கோயில் என்று அவர் சொன்னது எங்கள் சபையை. கேலியில் இருந்த உண்மை அவருக்கே தெரியாது. எங்கள் நெல் பிந்தியதற்குக் காரணம் கோயில்தான்.

கதையை முதலிலிருந்து சொல்லவேண்டும். நான் பிறப்பதற்கு முன் என் அண்ணன், இரண்டு வயதுப் பிள்ளை, காய்ச்சலில் கிடந்தான். மிஷன் ஆஸ்பத்திரியில் கையை விரித்துவிட்டார்கள். அது அறுப்புக்கு முந்தின காலம். அம்மை பிள்ளையை அப்பாவிடம் கொடுத்துவிட்டு விதைவயலுக்குப் போய், சேற்றில் முழங்கால் போட்டுப் பொருத்தனை பண்ணினாள். பிள்ளை பிழைத்தால், இந்த வயலில் முதலில் பழுக்கிற கதிர் ஒன்றுவிடாமல் கர்த்தருக்கு, நான் இருக்கிற காலம் வரைக்கும். அண்ணன் பிழைத்தான். அம்மை சொல் தவறாதவள்.

முதற்பலன் கொண்டுபோவது எங்கள் சபையில் எல்லாரும் செய்வதுதான். அறுப்பின் பண்டிகையன்று பீடத்தடியில் வாழைக்குலை, தேங்காய், சேனை, கோழி, நெற்கதிர் என்று குவிந்து கிடக்கும். ஆராதனை முடிந்ததும் வெளியே ஏலம். மற்றவர்கள் கதிரில் ஒரு பிடி கொண்டுவருவார்கள், கைக்கு அடக்கமாக. அம்மை கொண்டுபோவது பெரிய கட்டு. எல்லாம் அந்த "ஒன்றுவிடாமல்" என்கிற சொல்லால் வந்த வினை. ஒரு பிடி என்று நேர்ந்திருந்தால் எங்கள் வீட்டுக் கதையே வேறு. ஆனால் பிள்ளை சாகக் கிடக்கும்போது யார் அளவு பார்த்துப் பேசுவார்கள்?

விதைவயல் என்பது அடுத்த வருஷத்து விதைக்காக விடுகிற வயல். இரண்டில் சிறியது, மடைக்குப் பக்கத்தில் இருந்தது. கதிர் நிறம் மாறத் தொடங்கும்போது அம்மை காலையில் அதில் இறங்குவாள். மற்றதெல்லாம் பச்சையாக நிற்க, ஆங்காங்கே சில கதிர்கள் மஞ்சளாகித் தலை சாய்ந்திருக்கும். அவற்றை அரிவாளால் ஒவ்வொன்றாக அரிந்து மடியில் சேர்ப்பாள். மறுநாளும் இறங்குவாள், அதற்கு மறுநாளும். எதையாவது விட்டுவிட்டோமோ என்று திரும்பி வந்து பார்ப்பாள். அவள் கண்ணுக்குத் தப்பி ஒரு கதிர் அங்கே நின்றதாக எனக்கு ஓர்மை இல்லை. கர்த்தர் பங்கு முடிந்த பிறகு, சாவகாசமாகப் பழுத்த மிச்சத்தை அறுத்து, வைக்கோலில் பொதிந்து விதைக்கோட்டை கட்டுவோம்.

எங்கள் நெல்லைக் கட்டிச்சம்பா என்போம். பெயர் ஒன்று, உள்ளே பல. அந்தக் காலத்து நெல் எதுவும் ஒரே அச்சில் வார்த்தது கிடையாது. ஒரே வயலில் ஒன்று உயரமாக வளரும், ஒன்று குட்டையாக நிற்கும். ஒன்று முந்தும், ஒன்று பிந்தும். ஒரு வீட்டுப் பிள்ளைகளைப் போலத்தான். முந்துகிறதையெல்லாம் வருஷந்தோறும் எடுத்து ஏலத்தில் விட்டு, யாரோ உலையில் போட்டுத் தின்ன, பிந்துகிறதை மட்டும் விதைத்துக்கொண்டு வந்தால் என்ன ஆகும்? இன்று பள்ளிக்கூடத்துப் பிள்ளை சொல்லிவிடும். அன்று எங்களுக்குத் தோன்றவில்லை. வருஷத்துக்கு ஒரு நாளோ அரை நாளோ பிந்தினால் யாருக்குத் தெரியும்?

மனுஷன் கை வைத்த இடத்திலெல்லாம் இதுதான் நடக்கிறது என்று பின்னால் எனக்குப் புரிந்தது. களை எடுக்கும் பெண்கள் வரிநெல்லைப் பிடுங்குவார்கள். அது நெல்லுக்குள் வளரும் காட்டுநெல். மணி பழுக்கும் முன்பே உதிர்ந்துவிடும், வீட்டுக்கு வராது. நெல்லைப்போல் இல்லாத வரியெல்லாம் கண்ணில் பட்டுப் பிடுங்கப்பட்டது. நெல்லைப்போலவே இருந்த வரி தப்பித்து, உதிர்ந்து, மறு வருஷம் முளைத்தது. கடைசியில் கதிர் வரும்வரை எது நெல் எது வரி என்று தெரியாமல் பெண்கள் வாயில் வந்தபடி திட்டிக்கொண்டு நின்றார்கள். அதற்கு அந்த வேஷத்தைக் கட்டிவிட்டது அவர்கள் கைதான். மலையில் ரப்பருக்காகக் காடு வெட்டியபோதும் அப்படியே. பழம் தின்று வாழ்ந்த பெரிய பறவைகள் போயின. நம் எச்சிலைத் தின்னத் தெரிந்த காக்கையும் மைனாவும் பெருகின. எந்தச் சீவன் பிள்ளை பெற்றுத் தழைக்கவேண்டும் என்பதை நாம் தீர்மானிக்கிறோம், தீர்மானிக்கிறோம் என்று தெரியாமலே. எங்கள் வயலில் அதைச் செய்தது ஒரு தாயின் பக்தி. அவ்வளவுதான் வித்தியாசம்.

அப்பா நான் சிறுபிள்ளையாக இருக்கும்போதே போய்விட்டார். அண்ணன் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு அம்மையோடு வயலில் இறங்கினான். நான் விடுதியில் தங்கிப் படித்தேன், லீவுக்கு மட்டும் வீட்டுக்கு வருவேன். ஒரு வருஷம் நான் வந்தபோது வீடு இழவு வீடு மாதிரி இருந்தது. பேச்சிப்பாறை அணைத் தண்ணீரை அந்த வருஷம் சீக்கிரமே அடைத்துவிட்டார்கள். எல்லாரும் அறுத்து முடித்திருந்ததால் யாருக்கும் நஷ்டமில்லை. எங்கள் கதிர் அப்போதுதான் பால் பிடித்துக்கொண்டிருந்தது. வயல் வெடித்து, பால் வற்றி, அத்தனையும் பதர். மடையை ஒட்டி ஈரம் நின்ற மூலையில் மட்டும் கொஞ்சம் நெல் தேறியது. அந்த மூலையிலும் முந்திப் பழுத்ததை அம்மை தேடி அரிந்து கோயிலுக்குக் கொண்டுபோயிருந்தாள். அண்ணன் சொன்னபோது எனக்கு வந்த ஆத்திரத்தில் நான் சாப்பாட்டுத் தட்டை நகர்த்திவிட்டு எழுந்துவிட்டேன். தட்டில் இருந்ததும் மரச்சீனிக் கிழங்குதான்.

அண்ணனுக்கு விஷயம் பிடிபட்டது அந்த வருஷம்தான். அப்பா இருந்த காலத்தில் பக்கத்து வயல்காரருக்கு எங்கள் விதையைக் கொடுத்திருந்தார். இன்றுவரை அவர் விதைப்பது அதே நெல். அவர் வயலில் அது நேரத்துக்கு விளைகிறது, எங்கள் வயலில் விளையவில்லை. உரமும் தண்ணீரும் ஒன்றுதான். அப்படியென்றால் வேறாக இருப்பது எது? அவர் சாமிக்கு ஒரு பிடிக் கதிர் எடுத்து வீட்டு நிலையில் கட்டுவார், மற்றதெல்லாம் விதைக்குப் போகும். அண்ணன் பல நாள் இதையே யோசித்துக் கிடந்தானாம். என்னிடம் சொல்லும்போது, கையில் இருந்த கிழங்குத் தோலைக் கிழித்துக்கொண்டே சொன்னான்.

அவன் அம்மையிடம் முதலில் நயமாகத்தான் பேசினான். பக்கத்து வயல்காரரிடம் விதை மாற்றிக்கொள்ளலாம் என்றான். நேர்ந்தது இந்த விதையில், விதையை மாற்றினால் கர்த்தரை ஏமாற்றுவதாகும் என்று அம்மை சொல்லிவிட்டாள். அப்படியானால் கதிரில் ஒரு பிடி மட்டும் கொடுப்போம், மிச்சத்துக்கு ஈடாக வாழைக்குலை கொடுப்போம் என்றான். அவள் முறத்தை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போய்விட்டாள். கடைசியில் போதகரைக் கூட்டிக்கொண்டு வந்தான். அவர் உட்கார்ந்து, பொருத்தனையை வேறு காணிக்கையால் நிறைவேற்றலாம், அதில் பாவமில்லை என்று பொறுமையாக எடுத்துச் சொன்னார். அம்மை தலையில் முக்காட்டோடு கேட்டாள், கருப்பட்டிக் காப்பி கொடுத்தாள், வாசல்வரை போய் வழியனுப்பினாள். திரும்பி வந்து அண்ணனிடம் சொன்னது ஒன்றுதான்: "அவருக்குப் பிள்ளை சாகக் கிடந்ததில்ல மக்கா."

அண்ணன் பாடு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன். அவன் உயிருக்கு விலையாக வைத்த கதிர். அதைக் கொடுத்துக்கொண்டே இருந்தால் வீடு பட்டினி. நிறுத்தினால், அவள் கணக்கில், அவன் சாவு. பிழைத்ததற்காக ஒருவனைத் தினமும் வாட்ட இதைவிட வேறென்ன வேண்டும்?

அடுத்த கும்பப்பூவில், கதிர் நிறம் மாறின முதல் நாளே, அம்மைக்கு முந்தி அவன் வயலில் இறங்கினான். மஞ்சளானதையெல்லாம் அரிந்து பக்கத்து வயல்காரர் வீட்டில் கொண்டு ஒளித்தான். மறுநாளும் அப்படியே. அம்மை போய்த் தேடியிருக்கிறாள். பச்சை தவிர ஒன்றும் இல்லை. அரிந்த தாளைப் பார்த்தால் தெரிந்திருக்குமே என்று நீங்கள் கேட்கலாம். அவள் கண் கதிரைத் தேடியது, தாளைப் பார்க்கவில்லை. பிற்பாடு, தாளைப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லையோ என்றும் நினைத்திருக்கிறேன்.

நான் லீவில் வீட்டில் இருந்தேன். அம்மை வெறும் மடியோடு வந்து அடுக்களையில் உட்கார்ந்தாள். கர்த்தர் தன் காணிக்கையை வேண்டாம் என்று தள்ளிவிட்டார் என்றாள். அன்று சாப்பிடவில்லை. மறுநாளும் பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை. அண்ணன் வெளியே புறப்பட்டால் பின்னாலேயே போய் அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள், சூடு இருக்கிறதா என்று. மீசை முளைத்த ஆண்பிள்ளை, தெருவில் நாலு பேர் பார்க்க நெற்றியைக் கொடுத்துக்கொண்டு நின்றான். அதற்குமேல் அவனால் தாங்கமுடியவில்லை. உள்ளே வந்து, நான்தான் எடுத்தேன் என்று சொல்லிவிட்டான்.

அம்மை அடிப்பாள், கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அடிக்கவில்லை. "நீ களவாண்டது நெல்லு இல்ல மக்கா, ஒன்னையேதான்" என்றாள். கதிரைக் கொண்டுவா என்று கேட்கவில்லை. அது அவள் கையால் அரிந்தது இல்லையே. அதற்குப் பிறகு பழுக்கிற பருவத்தில் அவள் அந்த வயலில் கால் வைத்ததே இல்லை.

அண்ணன் ஒளித்துவைத்திருந்த அந்தக் கதிரை விதைத்தான். அது அரை வயலுக்குத்தான் வந்தது, மிச்சத்தில் பழைய விதையையே போட்டான். அந்த அரை வயல் சற்று முந்தி விளைந்தது. அதிலும் முந்தினதை எடுத்து மறுபடி விதைத்தான். சில வருஷத்தில் எங்கள் நெல் ஊரோடு சேர்ந்து அறுப்புக்கு வந்துவிட்டது. அம்மை இத்தனை காலம் செய்ததையே அவன் திருப்பிப் போட்டுச் செய்தான், வேறொன்றும் இல்லை. நெல்லுக்கு எது பக்தி, எது களவு என்பதெல்லாம் தெரியாது. எடுப்பதும் விடுவதும்தான் அதற்குத் தெரியும்.

ஆனால் கர்த்தர் பங்கிலிருந்து முளைத்த அந்த நெல்லின் சோற்றை அம்மை தொடவில்லை. நாங்கள் சோறு தின்னும்போது பக்கத்தில் இருந்து மரச்சீனியும் மீனும் தின்பாள். கலியாண வீட்டுச் சோறு தின்பாள், கடையில் வாங்கின ரங்கூன் அரிசிக் கஞ்சி குடிப்பாள். எங்கள் நெல் மட்டும் ஆகாது. எனக்கு இது வீம்பாகவே பட்டது. வேலை கிடைத்து ஆசிரியையாக வெளியூர் போன பிறகு, ஊருக்கு வரும்போதெல்லாம் இதற்காக அவளிடம் சண்டை போட்டிருக்கிறேன். அவள் காரணம் சொல்லமாட்டாள். "ஒனக்குப் பசிச்சா நீ தின்னுட்டி" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அண்ணனுக்குக் கலியாணமாகி, பிள்ளையும் பிறந்து, ஆள் தடித்துப்போனான். அவள் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதை மட்டும் விடவில்லை.

அவளைப் படுக்கையில் தள்ளின கடைசித் தீனம் வந்தது ஒரு கும்பப்பூ அறுப்பு முடிந்த சமயம். வயிறு எதையும் ஏற்கவில்லை. நெல்லரிசிக் கஞ்சி மட்டும் கொடுங்கள், அதுவும் இறங்காவிட்டால் சொல்வதற்கில்லை என்றார் வைத்தியர். வீட்டில் வேறு அரிசி இல்லை, கடை அடைத்துவிட்ட ராத்திரி. அண்ணன் கஞ்சியைக் கரைத்து வடிகட்டி எடுத்துவந்து, பக்கத்தில் உட்கார்ந்து கரண்டியை நீட்டினான். அவள் கண்ணைத் திறந்து, எந்த நெல்லு என்று கேட்டாள். கடை அரிசி என்று சொல்லித் தொலை என்று நான் பின்னால் நின்று கையைக் காட்டினேன். அவனுக்கு அவளிடம் இன்னொரு களவுக்கு மனசு வரவில்லை.

"நம்ம வயலுதான் யம்மா. ஒரு வாய் குடி."

அவள் உதட்டை மூடிக்கொண்டாள். கையை எடுத்து அவன் நெற்றியில் வைத்தாள். எடுத்த கை பாதி வழிதான் எட்டியது, அவன்தான் குனிந்து கொடுத்தான்.

"வேண்டாம் மக்கா," என்றாள். "நீ இருக்கணும்லா."