ஒரு வாய் தண்ணீர்

“அடி இயென்! பூவாளியக் கீழ வை! செடி மூச்சு முட்டிச் சாகுது!”

லியூ அந்தப் பேரை முதன்முதலில் கேட்டது இப்படித்தான். கால்வாய்க்கு அந்தக் கரையில், கொல்லைப்பக்கத்திலிருந்து யாரோ ஓர் அம்மாள் கத்தினாள். லியூ அன்றைக்குத் தன் தம்பி சாங்குக்குப் பெண் கேட்கத் தாயோடும் அவனோடும் படகில் வந்து இறங்கிக்கொண்டிருந்தாள். பெண் அந்த வீட்டின் ஆறாமவள் என்று மட்டும்தான் தரகுக்காரி சொல்லியிருந்தாள். பேரைக் கால்வாய்தான் சொன்னது.

எங்கள் பேச்சில் இயென் என்றால் அசையாமல் இருப்பது. நிம்மதி, சும்மா இருப்பது எல்லாவற்றுக்கும் அந்த ஒரே சொல்தான். குழந்தை துள்ளினால் ‘இயென்னா உட்காரு’ என்போம். அதனால் லியூவின் தாய்க்குப் பேரைக் கேட்டதுமே முகம் மலர்ந்துவிட்டது. “அடங்கின பொண்ணுன்னு தெரியுது” என்று மகளின் காதைக் கடித்தாள். லியூ அதற்குள் பெண்ணைப் பார்த்துவிட்டாள். வேலியோரத்துச் சாமந்தி வரிசையைக் கடைசிச் செடிவரை நனைத்து முடித்தவள், அப்படியே திரும்பி மறுபடி முதல் செடிக்கு ஓடிக்கொண்டிருந்தாள்.

உள்ளே உட்கார்ந்த பிறகு அவளே தேநீர் ஊற்றினாள். யாரும் வாயில் வைப்பதற்குள் இரண்டாம் முறை ஊற்ற வந்தாள். நிறைந்த கோப்பை வழிந்து லியூவின் தாய் மடியில் கொட்டியது. சாங் வாய்விட்டுச் சிரித்தான். அந்தச் சிரிப்போடு கல்யாணம் நிச்சயமானது.

எங்கள் பக்கம் மூத்த பிள்ளையையே இரண்டு என்றுதான் எண்ணத் தொடங்குவோம். ஒன்று என்று கூப்பிட்டால் கெட்ட காற்றுக்குக் காது நீளும். அப்படித்தான் லியூ எல்லோருக்கும் ரெண்டாமக்கா, சாங் எட்டாமவன். கட்டி வந்த பெண்ணுக்கும் கட்டியவனின் எண்தான். பிறந்த வீட்டு ஆறைப் படகிலேயே விட்டுவிட்டு இயென் எட்டாமவள் ஆனாள்.

எட்டாமவள் உட்கார்ந்து சாப்பிட்டதை லியூ இந்த நாள்வரை பார்த்ததில்லை. கிண்ணத்தை இடக்கையில் ஏந்திக்கொண்டு நடந்தபடி சாப்பிடுவாள். வலக்கையில் சோறு எடுக்கும் குச்சிகள், அவற்றாலேயே வழியில் கிடக்கும் சருகைத் தள்ளுவாள். தூணில் கட்டிய கயிற்று ஏணையில் படுத்தாலும் ஒரு கால் தரையைத் தள்ளிக்கொண்டிருக்கும். கல்யாண வீட்டுக்கு விருந்தாளியாகப் போவாள். திரும்பும்போது அந்த வீட்டு அண்டா குண்டானெல்லாம் பளபளக்கும், இவள் பட்டுச் சட்டையெல்லாம் கரி. லியூவின் கஞ்சிக் கடை கால்வாய் முனையில் இருக்கிறது. வாத்துக் கஞ்சி குடிக்க வருகிறவர்களின் கிண்ணத்தைப் பாதியிலேயே கழுவ எடுத்துவிடுவாள் என்று, இவள் தலை தெரிந்தாலே அவர்கள் கிண்ணத்தை நெஞ்சோடு அணைத்துக்கொள்வார்கள்.

போன வெள்ளக் காலம்வரை இதெல்லாம் சிரிப்புக்குத்தான். சாங்கும் சிரித்துக்கொண்டிருந்தான். அவன் பூந்தொட்டிகளையும் பம்ளிமாஸ் பழங்களையும் படகில் ஏற்றி ஆற்றுச் சந்தைக்குக் கொண்டுபோய் விற்கிறவன். விடியுமுன் போனால் இருட்டும்போது வருவான். இடைப்பட்ட நேரத்தில் இயென் வீட்டைத் தலைகீழாகப் புரட்டி வைத்திருப்பாள். இருவருக்கும் ஒத்துப்போயிற்று.

வெள்ளம் வடிகிற சமயத்தில் ஒருநாள் அவன் படகிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தான். பக்கத்துப் படகுக்காரர்கள் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பிழைத்துக்கொண்டான். மாத்திரையைக் கொடுத்த மருத்துவர், “பாரம் தூக்காதீங்க. படகு ஓட்டறதுக்கு ஒண்ணும் தடையில்ல” என்றார். முதல் பாதிதான் இயென் காதில் விழுந்தது.

வீடு திரும்புகிற வழியில் துறையில் ஒருத்தி சின்ன மல்லிகைச் செடி விற்றுக்கொண்டிருந்தாள். சாணளவு செடி, மண்தொட்டியில். சாங் அதை வாங்கி மனைவி மடியில் வைத்தான்.

“இந்தா, இதப் பாத்துக்க. கொஞ்சம் என்னைய விடு.”

இயென் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்து, முன்னோர் படத்துக்கு ஊதுவத்தி ஏற்றிவிட்டு, எல்லோரும் கேட்கும்படி சொன்னாள்: “இந்தச் செடி பூக்கிற அன்னிக்கு இவரு ஆத்துக்குப் போலாம். அதுவரைக்கும் படகு கரையில.”

சாங் உடனே சரி என்றான். மல்லிகைதானே, குச்சியை ஒடித்து வைத்தாலே பூக்கிற ஜாதி. தன் பெண்டாட்டியின் கையை அவன் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

படகைத் துறையோரத்து மரத்தில் இயென்தான் கட்டினாள். ஒரு முடிச்சு போதும். அவள் முடிச்சின்மேல் முடிச்சாகப் போட்டாள். மறுநாள் சந்தேகம் வந்து இன்னொன்றும் போட்டாள்.

பிறகு செடிக்குத் தண்ணீர் வார்க்கத் தொடங்கினாள். எழுந்ததும் ஒரு தரம். துணி காயப்போடப் போகும்போது, “ஒரு வாய் மட்டும்.” காய்ந்த துணியை எடுத்து வரும்போது, “ஒரு வாய்தானே.” நடுவில் வந்து விரலை மண்ணில் விட்டுப் பார்ப்பாள். இலையைத் தூக்கி அடியில் பார்ப்பாள். மொட்டு இருக்காது. முகம் சுருங்கிப்போய் இன்னொரு வாய் வார்ப்பாள். சாங்குக்கும் அதே உபசாரம்தான். ஏணையில் கண்ணை மூடினால் மூக்கருகே புறங்கை வந்து மூச்சு வருகிறதா என்று பார்க்கும். “ஒரு வாய் கஞ்சி குடிங்க.” தும்மினால் தைலம். பெருமூச்சு விட்டால் முதுகில் காசை வைத்துச் சுரண்டி, உள்ளே புகுந்த கெட்ட காற்றை எடுப்பாள். அவன் முதுகு மாதக்கணக்கில் வரிக்குதிரையாக இருந்தது.

வறண்ட காலத்தில் கடல் உப்பு கால்வாய்க்குள் ஏறி வந்தது. ஊரே மழைத்தண்ணீர்ச் சாடியை மூடி வைத்து, குடிக்க மட்டும் மொண்டுகொண்டிருந்தது. இயென் அந்தத் தண்ணீரைச் செடிக்கு வார்த்தாள். அடுத்த வீட்டு நாலாம் மாமா வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தார்.

“மனுசனுக்கே தொண்டை காயுது. உன் செடிக்கு மட்டும் என்னம்மா தலைப்பிரசவமா?”

“அது நோயாளி மாமா.”

“எது நோயாளி? என் எருமையவிடக் கொழுத்திருக்கு!”

உண்மைதான். செடி புதர்போல ஆகிவிட்டது. இலைகள் கரும்பச்சையாக, எண்ணெய் பூசினாற்போல மின்னின. மொட்டு மட்டும் இல்லை. அரிசி கழுவிய தண்ணீர் விடு என்றாள் ஒருத்தி, விட்டாள். இறால் ஓட்டைப் புதை என்றார் ஒருவர், புதைத்தாள். மீன் அலசிய தண்ணீர் நல்லது என்று எங்கோ கேட்டு வந்து அதையும் ஊற்றினாள். அந்தத் தெருப் பூனையெல்லாம் தொட்டியைச் சுற்றித் தவம் கிடந்தன.

லியூவுக்குப் பொறுக்கவில்லை. ஒருநாள் பூவாளியைப் பிடுங்கி வைத்துக்கொண்டாள்.

“எட்டாமவளே, கொஞ்சம் காயவிடுடி. காஞ்சாத்தான் மல்லி மொட்டு வைக்கும். இது தெரியாதா உனக்கு?”

“தெரியும் அக்கா.”

“தெரிஞ்சுமா ஊத்தற?”

“காயுதுன்னு தெரிஞ்சதும் கை நிக்க மாட்டேங்குது.” இயென் வெறுங்கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். “படகுல இருந்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு வந்தாங்களே, அன்னிக்கு அவரு உதடு காஞ்சு வெள்ளையா இருந்துது. நீங்க பாக்கல.”

லியூ பூவாளியைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். இவள் பூக்க வேண்டுமென்று ஊற்றுகிறாளா, பூக்கக் கூடாதென்று ஊற்றுகிறாளா என்பது அவளுக்குப் புரியவில்லை. இயென்னுக்கும் தெரிந்திருக்குமென்று தோன்றவில்லை.

சாங்கோ நாளுக்கு நாள் வற்றிக்கொண்டு வந்தான். படகின் எஞ்சினைத் துடைக்க மட்டும் அனுமதி உண்டு. அதுவும் இயென் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருக்க. தினமும் துடைத்து எண்ணெய் போட்டு, ஓட விட்டு, அணைத்துவிட்டு வருவான். பிறகு துறையில் குந்திக்கொண்டு ஆற்றுப்பக்கம் காதைத் திருப்பி வைத்துக்கொள்வான். “அது நம்ம பெரியம்மா மக வீட்டுப் படகு. எஞ்சின் இருமுது பாரு அக்கா” என்பான். ஒருநாள் கஞ்சிக் கடைக்கு வந்து, இயென் பின்னாலேயே வருகிறாளா என்று பார்த்துவிட்டு மெல்லச் சொன்னான்: “ஆஸ்பத்திரியிலகூட என்னையத் தனியாத் தூங்க விட்டாங்க அக்கா.” விளையாட்டாகத்தான் சொன்னான். ஆனால் கஞ்சி அப்படியே இருந்தது. இன்னும் ஒரு வெள்ளக் காலம் இவன் கரையில் கிடந்தால் நெஞ்சு நோகாமலே போய்விடுவான் என்று லியூவுக்குப் பட்டது.

ஐந்தாம் மாதம் ஐந்தாம் நாள், பூச்சி விரட்டும் பண்டிகை வந்தது. காலையில் எல்லோரும் வயிற்றுப் பூச்சி சாகட்டுமென்று புளித்த சோற்று உருண்டையும் இலைக் கொழுக்கட்டையும் தின்றார்கள். உச்சி வெயிலில் நாலாம் மாமா கத்தியோடு கிளம்பினார். அன்றைக்கு நடுப்பகலில்தான் காய்க்காத மரத்தை விசாரிக்க வேண்டும். ஒருவர் மரத்தில் ஏறி மரமாகப் பேசுவார். இன்னொருவர் கத்தியின் முதுகால் அடிமரத்தைத் தட்டி, “காய்ப்பியா, வெட்டட்டுமா?” என்று மிரட்டுவார். மரம் நடுங்கி, அடுத்த வருஷம் காய்க்கிறேன் என்று வாக்குக் கொடுக்கும். மாமாவின் பலா அப்போதுதான் அவர் பேரன் குரலில் வாக்குக் கொடுத்து முடித்திருந்தது.

“எட்டாமவளே, உன் செடியையும் விசாரிச்சுருவோம். ஆனா இதுல ஏற முடியாதே.”

“நான் பின்னால உக்காந்துக்கறேன்” என்றான் சாங். தொட்டிக்குப் பின்னால் குந்தினான். இலைகளுக்கு மேல் அவன் தலைமுடி மட்டும் தெரிந்தது. கஞ்சிக் கடைக் கூட்டம் கிண்ணத்தோடு எழுந்து வந்தது. வளர்த்தவள்தான் கேட்க வேண்டுமென்று மாமா கத்தியை இயென் கையில் கொடுத்தார்.

அவள் தொட்டியின் விளிம்பைத் தட்டினாள். “ஏ செடி! ஏன் பூக்கல?”

“ஐயோ தாயே, வெட்டாதீங்க!” கீச்சுக் குரலில் சாங். எல்லோரும் சிரித்தார்கள்.

“கேட்டதுக்குப் பதில் சொல்லு. தண்ணி பத்தலையா?”

“பத்தலையாவா? நான் நீச்சலே கத்துக்கிட்டேன் தாயே!”

நாலாம் மாமா தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். இயென்னும் சிரித்துவிட்டாள். “ராசா மாதிரி வச்சிருக்கேன். இன்னும் என்ன குறை?”

“ஒரு குறையும் இல்ல. எந்திரிச்சாப் பாக்கறே. குனிஞ்சு பாக்கறே. இலையத் தூக்கிப் பாக்கறே. தும்மினாத் தைலம் தேய்க்கறே. கண்ண மூடினா மூக்குல கை வைக்கறே.”

செடிக்கு ஏது மூக்கு என்று யாரோ சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டார்கள்.

இயென் கத்தியால் மறுபடி தட்டினாள். இந்த முறை சத்தமாக. “அதெல்லாம் விடு. அடுத்த மாசம் பூப்பியா? வாக்குக் குடு. இல்ல, வெட்டிருவேன்.”

பதிலில் கீச்சுக் குரல் போயிருந்தது. சாங்கின் சொந்தக் குரல்தான் வந்தது.

“வாக்கு கிடையாது. வெட்டறதுன்னா வெட்டு. இல்லேன்னா என்னைய இயென்னா விடு.”

“அடேய், பெண்டாட்டி பேரை வச்சே அடிக்கிறான்டா!” நாலாம் மாமா ஒருவர்தான் சிரித்தார்.

“மரம் இப்படிப் பேசக் கூடாது” என்றாள் இயென். “வாக்குக் குடுக்கணும். அதான முறை, மாமா?”

“அதான்மா முறை.”

“பொய் சொல்லவா?” என்றது செடிக்குப் பின்னாலிருந்து.

இயென் கத்தியை ஓங்கினாள். லியூ கையைப் பிடிக்கப் பாய்ந்தாள். ஆனால் இயென் செடியைத் தாண்டிப் போய்விட்டாள். விறுவிறுவென்று துறைக்கு நடந்தாள். முடிச்சுகள் வெயிலிலும் உப்பிலும் இறுகிக் கல்லாகிவிட்டிருந்தன. அவிழ்க்கப் பார்க்கவே இல்லை. கயிற்றைக் கத்தியால் அறுத்து அறுத்துத் துண்டாக்கினாள்.

“போங்க” என்றாள்.

சாங் எழுந்து வந்தான். தண்ணீர் இறங்கியிருந்த நேரம். இத்தனை மாதம் அசையாமல் கிடந்த படகின் அடி சேற்றில் புதைந்திருந்தது.

“தண்ணி ஏறட்டும் புள்ள. நாளைக்குக் காலையில போறேன்.”

“நாளைக்குன்னா நான் விட மாட்டேன். இப்பவே ஏறுங்க.”

அவன் ஏறினான். அவள் கால்சட்டையைச் சுருட்டக்கூட நிற்காமல் சேற்றில் இறங்கினாள். தொடைவரை புதைந்தது. உதவிக்கு இறங்கியவர்களை, “யாரும் தொடாதீங்க” என்று அதட்டினாள். இரண்டு கையையும் படகின் பின்புறத்தில் வைத்து, தலையைக் குனிந்துகொண்டு தள்ளினாள். நகரவில்லை. மறுபடி தள்ளினாள். சேறு ஒருமுறை உறிஞ்சிச் சத்தமிட்டது; படகு கைக்கு இளகி, வழுக்கிக்கொண்டு தண்ணீருக்குப் போயிற்று. எஞ்சின் முதல் இழுப்பிலேயே பிடித்தது. படகு வளைவில் திரும்பி மறைந்த பிறகும் அவள் கைகள் முன்னால் நீட்டியபடியே இருந்தன. லியூ போய்த்தான் அவளைச் சேற்றிலிருந்து இழுத்து ஏற்ற வேண்டியிருந்தது.

மல்லிகை இன்னும் மொட்டு வைக்கவில்லை.

சாங் இப்போது ஆற்றில் இருக்கிறான், இருட்டும்போது வருவான். இயென் வீட்டில் பூவாளியும் கையுமாக இருக்கிறாள்.