செம்புச் சாயமும் காசிமின் கண்ணும்

படகின் அடிப்பாகத்தில் பூசும் சிவப்பான செம்புச் சாயம் மரத்தைத் துளைக்கும் புழுவைக் கொல்கிற விஷம். பூசுகிறவன் என்ன ஆவான் என்று டப்பாவில் ஒரு வரி கிடையாது. அறுபதுகளில் கடலூர் உப்பனாற்றங்கரையில், பாய்மரத் தோணிகளுக்கு அடியில் மல்லாந்து கிடந்து அதைப் பூசினேன். எந்தத் தொழிலிலானாலும் சரி, முதலாளியிடம் ஒரு பொருள் கேட்டு வசவு வாங்கியவர்களுக்கு மீதியைச் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் சொல்வேன்.

கொட்டலசு

சாயம் பூசும் முன், அடியில் சிப்பிபோல ஓட்டோடு ஒட்டிக்கிடக்கும் கடற்பூச்சியான கொட்டலசை இரும்புத் தகட்டால் சுரண்ட வேண்டும். ஓட்டுச் சில்லும் பழைய சாயத்தூளும் நேரே முகத்தில் கொட்டும். நாங்கள் கூலி உயர்வு கேட்கவில்லை. எட்டுப் பேருக்கும் கண்ணை மூடும் கண்ணாடி கேட்டோம். மேஸ்திரி சிரித்தார். "கண்ணை மூடிக்கிட்டுச் சுரண்டுங்கடா. கைதானே வேலை செய்யுது?"

மனு

துண்டுப் பிரசுரங்களைப் படித்துத்தான் நான் எழுத்துக் கற்றேன். பிழையில்லாமல் ஒரு மனு எழுதி, சிதம்பரத்துக்கு பஸ் ஏறிப்போய், தோணி முதலாளியிடம் கொடுத்தேன். வாசலிலேயே நிற்க வைத்துப் படித்தார். மடித்து வெற்றிலைத் தட்டுக்குக் கீழே செருகினார். "எழுத்து நல்லா இருக்குது. தோணிக்குப் பேரை நீயே எழுதிடு."

பிரஷை வைத்த நாள்

இந்தச் சாயம் முழுக்கக் காயக் கூடாது. ஈரம் இருக்கும்போதே, ஓதம் ஏறி ஆற்றில் கடல்நீர் பெருகும் நேரம் பார்த்துத் தோணியைத் தண்ணீரில் இறக்க வேண்டும்; காய்ந்தால் வீரியம் போய்விடும். ஒருநாள் பாதி பூசியிருந்தபோது ஒரு கட்டிச் சாயம் எங்கள் எட்டுப் பேரில் ஒருவனான காசிமின் வலது கண்ணில் விழுந்தது. மண்ணில் புரண்டான். குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றியும் எரிச்சல் நிற்கவில்லை. தோணி இறங்குவதைப் பார்க்க முதலாளி காரில் வந்திருந்தார். ஆஸ்பத்திரிக்குக் கார் கேட்டேன். "தோணி இறங்கட்டும், பார்க்கலாம்" என்றார்.

பிரஷைக் கீழே வைத்தேன். மற்ற ஆறு பேரும் வைத்தார்கள். ஓதம் ஏறிக்கொண்டிருந்தது, பூசிய பாதி வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. முதலாளி தோணியைப் பார்த்தார், ஆற்றைப் பார்த்தார். காசிமைப் பார்க்கவே இல்லை. கடைசியில் டிரைவரிடம் கத்தினார். "சீட்டுல சாக்கை விரிச்சுப் படுக்க வையிடா, செவப்பு பட்டா போவாது!"

எட்டுப் பேருக்கு ஒன்று

கண் போய்விட்டது. அடுத்த தோணிக்குக் கண்ணாடி வந்தது, ஒன்றே ஒன்று. மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்ளச் சொன்னார் மேஸ்திரி. அதை அவர் முகத்திலேயே வீசக் கை ஓங்கினேன். ஒற்றைக் கண்ணோடு வேலைக்குத் திரும்பியிருந்த காசிம் என் கையைப் பிடித்தான். "வுடு மச்சான். என் முறை வர்றப்ப எனக்குக் கண்ணாடியில ஒரு சில்லு போதும்."

இந்தத் தொழிலில் நான் கற்றது இவ்வளவுதான்: கேட்டால் கிண்டல் கிடைக்கும், பிரஷைக் கீழே வைத்தால் கார் கிடைக்கும், இரண்டுக்கும் நடுவில் ஒருவன் கண் போயிருக்கும்.