துப்பறியும் கருவாடு

எங்கள் தெருவுக்கு நாய் வண்டி வந்த அன்று, எல்லோரும் முதலில் சந்தேகப்பட்டது எங்கள் வீட்டைத்தான். அதில் நியாயமும் இருந்தது. தெரு நாய்களை ஒவ்வொன்றாகப் போட்டோ எடுத்து, எது எந்த வாசலில் படுக்கும் என்பது வரை எழுதி, புத்தகமாகப் போட்டு வீடு வீடாகக் கொடுத்தது நாங்கள்தான்.

அப்போது நாங்கள் காலடிப்பேட்டையில் இருந்தோம். பாலிடெக்னிக்கில் படித்துக்கொண்டிருந்த அண்ணன், பழைய பாகங்களை ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்த்து ஒரு கம்ப்யூட்டரை உருவாக்கியிருந்தான். அதற்குப் பக்கவாட்டு மூடி கிடையாது. ஒயர்கள் வெளியே தொங்கும். தொட்டால் ஷாக் அடிக்கும் என்று அம்மா அந்த மூலையை மட்டும் பெருக்கவே மாட்டாள். ஏதோ ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடியில் காமிக்ஸ் செய்யும் சாஃப்ட்வேர் இருந்தது. கட்டத்துக்குள் போட்டோவை வைத்து, வாய்க்குப் பக்கத்தில் பேச்சுக் குமிழியை ஒட்டினால் கதை தயார். தமிழ் மட்டும் அதற்கு வராது. அதனால் குமிழிகளைக் காலியாக விட்டு, அண்ணன் வாங்கிப் போட்டிருந்த பழைய பிரிண்டரில் பிரிண்ட் எடுத்து, பேச்சை நான் பேனாவால் எழுதுவேன். ஐந்தாம் வகுப்புப் படிக்கும் என்னுடைய குண்டு குண்டான கையெழுத்து தெருவுக்கே பழக்கமாகிவிட்டது.

எதிர் வீட்டு மீன்காரம்மாவின் நாய்தான் கதாநாயகன். கருவாடு காயப் போட்ட இடத்தில் குட்டியாகக் கிடைத்ததால் அதற்குப் பெயரே கருவாடு. அண்ணன் தோஸ்து ஒருவனிடம் கேமரா வாங்கி வந்தான். பிலிமைக் கழுவி, பிரவுசிங் சென்டரில் ஸ்கேன் செய்து, பிளாப்பியில் போட்டுக்கொண்டு வருவோம். பாதி நாள் பிளாப்பி திறக்காது. எப்படியோ எட்டுப் பக்கத்தில் ‘துப்பறியும் கருவாடு’ வெளிவந்தது. காணாமல் போன செருப்பை, ஒவ்வொரு வாசலிலும் படுத்திருக்கும் நாய்களை விசாரித்துக்கொண்டே போய், கருவாடு மோப்பம் பிடித்துக் கண்டுபிடிக்கும். “இன்னாபா, உன் செருப்பு எங்க கீதுன்னு நான் சொல்லட்டா?” என்று அது கேட்கிற கட்டத்தைப் பார்த்து மீன்காரம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தாள். அப்பா மட்டும் புத்தகத்தைப் புரட்டிவிட்டு அப்படியே வைத்துவிட்டார். அவர் கம்பெனியில் போர்மேன். பொதுவாகவே சிரிக்க மாட்டார்; அந்த வாரம் சைக்கிளிலிருந்து விழுந்துவிட்டதாகச் சொல்லிக் காலில் கட்டு வேறு.

இரண்டு வாரம் கழித்து, ஒரு காலையில், வலையோடு வந்த ஆட்கள் கருவாட்டையும் இன்னும் நான்கு நாய்களையும் பிடித்துக்கொண்டு போனார்கள். வண்டி திரும்புவதற்குள் மீன்காரம்மா எங்கள் வாசலில் நின்றாள்.

“வண்டிக்காரன் நேரா வந்து எங்க வூட்டு வாசல்லதான் நின்னான். எவன் சொன்னான் அவனுக்கு? புக்கு போட்டு அட்ரஸ் குட்த்தது நீங்கதானே?”

அன்றிலிருந்து அண்ணன் கம்ப்யூட்டரைத் தொடவில்லை. பள்ளிக்கூடம் போகிற வழியில் பெண்கள் என்னைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்கள். பக்கத்து வீட்டு அக்கா தன் பூனையைத் தூக்கி உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினாள்.

எனக்கு அழுகையை விட ஆத்திரம்தான் அதிகமாக வந்தது. யாரோ வண்டியைக் கூப்பிட்டிருக்க வேண்டும். அந்த யாரோவைக் கண்டுபிடித்தால் நாங்கள் தப்பிப்போம். கருவாடு செய்கிற வேலையைக் கருவாட்டுக்காக நான் செய்வதென்று முடிவெடுத்தேன். நோட்டின் கடைசிப் பக்கத்தில் எல்லாப் பெயர்களையும் எழுதி ஒவ்வொன்றாக அடித்தேன். கடைசியில் மிஞ்சியவர் தெருமுனை மளிகைக்கடை அண்ணாச்சி.

அவர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். எங்கள் தெருவில் அவர் பேச்சு மட்டும் வேறு மாதிரி இருக்கும். என் சந்தேகத்துக்கு அதுவே பாதிக் காரணம். அரிசி மூட்டை மேல் படுத்திருந்த கருவாட்டின் மீது அவர் தண்ணீர் ஊற்றியதை நான் கண்ணால் பார்த்திருந்தேன். எல்லாவற்றுக்கும் மேலாக, தெருவில் காசு போட்டுப் பேசுகிற போன் அவர் கடையில்தான் இருந்தது.

அண்ணன் இல்லாத நேரத்தில் கம்ப்யூட்டரைப் போட்டேன். அண்ணாச்சியின் பூனை போன் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற ஒரு படம் பழைய பிளாப்பியில் இருந்தது. அதைப் பெரிய கட்டத்தில் வைத்து, குமிழி ஒட்டி, பிரிண்ட் எடுத்து, பூனை சொல்வதாக எழுதினேன்: ‘எங்க மொதலாளி இந்த போன்லதான் நாய் வண்டியைக் கூப்ட்டாரு.’ மத்தியானம் அவர் ஷட்டரை இறக்கிவிட்டுச் சாப்பிடப் போன சமயத்தில், சோற்றுப் பருக்கையால் அதன் மேலேயே ஒட்டிவிட்டு ஓடி வந்தேன்.

அவ்வளவுதான். சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கப் பேச்சு. “பூன மேல கீற பாசம் அந்த ஆளுக்கு நாய் மேல இல்ல பாரு” என்றாள் மீன்காரம்மா. எல்லோரும் சாமான் வாங்க மெயின் ரோட்டுக்குப் போக ஆரம்பித்தார்கள். எங்கள் மேல் இருந்த பார்வை விலகியது. அண்ணாச்சி ஈ ஓட்டிக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தார். அந்த வழியாகப் போகும்போதெல்லாம் நான் நிமிர்ந்து நடந்தேன்.

மூன்றாம் நாள் சாயங்காலம் அண்ணாச்சி எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் கம்ப்யூட்டர் மேசைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அப்பா எழுந்து நின்றார். அவர் யாருக்காகவும் எழுந்து நான் பார்த்ததில்லை. அண்ணாச்சி சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த காகிதத்தை எடுத்து நீட்டினார்.

“பிள்ள நல்லா எழுதியிருக்கு சார். பூனை சொல்லுதது பாதி நெசம்தான். போன் என் கடை போன்தான்.”

அப்பா காகிதத்தைப் பிரிக்கவே இல்லை.

“என் கடையில வந்து பேசுதவங்க என்ன பேசுதாங்கன்னு நான் வெளிய சொல்லுத வழக்கம் இல்ல. அது உங்களுக்குத் தெரியட்டும்னுதான் வந்தேன்” என்றார் அண்ணாச்சி.

“டீ குடிச்சிட்டுப் போங்க அண்ணாச்சி” என்றார் அப்பா. அண்ணாச்சி குடிக்கவில்லை. அப்பா வாசல் வரை அவர்கூடப் போய், அவர் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னார். அண்ணாச்சி தலையாட்டினார். நான் ஜன்னல் கம்பி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா அவரை மிரட்டுகிறார் என்றே எடுத்துக்கொண்டேன். மறுநாள் வகுப்பில், “ஒத்துக்கினாரு! எங்க அப்பா கைய புட்ச்சி ஒரு முறுக்கு முறுக்குனாரு” என்று எல்லோரிடமும் சொன்னேன். அதுவும் தெருவுக்கு வந்து சேர்ந்தது.

ஒரு வாரம் போல ஆனதும் அதே வண்டி வந்து ஐந்து நாய்களையும் அதே இடத்தில் இறக்கிவிட்டுப் போனது. இனிமேல் குட்டி போடாதபடி ஆபரேஷன் செய்து, அடையாளத்துக்குக் காது நுனியை வெட்டியிருந்தார்கள். மீன்காரம்மா கருவாட்டைக் கட்டிக்கொண்டு அழுதாள். அதன்பின் வண்டியைக் கூப்பிட்டது யார் என்ற பேச்சே தெருவில் எழவில்லை. மெயின் ரோடு தூரம் என்பதால் ஒவ்வொருவராக மறுபடி அண்ணாச்சி கடைக்கே போனார்கள். அவரிடம் யாரும் மன்னிப்புக் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

பல வருடங்களுக்குப் பிறகு, அப்பா போன பின்னால், நாய்க்குட்டி வேண்டும் என்று என் மகள் அடம் பிடித்தாள். அம்மா கீரை ஆய்ந்துகொண்டே சாதாரணமாகச் சொன்னாள்: “வேணாம்மா. அந்தக் கருவாடு கட்ச்சி உங்க தாத்தா எத்தினி ஊசி போட்டுக்கினாரு தெரியுமா? விடியக்கால ஷிப்டுக்குப் போம்போது அஞ்சும் சேந்து சைக்கிள தொரத்தும். வண்டிய வரச் சொல்லி போன் போட்டவரே அவருதான்.”

“எங்ககிட்ட சைக்கிள்லேர்ந்து விழுந்துட்டேன்னு சொன்னாரே?” என்றேன் நான்.

“பின்ன? நீ அந்த நாய ஈரோவா வச்சி புக்கு போட்டுக்கினு இருந்தே. உன்கிட்ட எப்டி சொல்லுவாரு?”

நாய்கள் திரும்பி வந்த வாரத்தில் நடந்ததுதான் ஞாபகம் வந்தது. அம்மா என்னைப் புளி வாங்க அனுப்பினாள். அண்ணாச்சி புளியை நிறுத்துப் பொட்டலம் கட்டி என் கையில் கொடுத்துவிட்டு, “ஏ பிள்ள, அடுத்த புத்தகம் எப்ப வருது? எங்க பூனைக்கும் ஒரு வேஷம் குடு” என்றார்.

குற்றவாளிகள் மாட்டிக்கொண்டால் இப்படித்தான் குழைவார்கள் என்று நினைத்துக்கொண்டு, அவரை ஒரு முறை முறைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தேன்.