அப்பாவுக்கு வாங்கிய முப்பரிமாண டிவி

ஸ்கூடாய் டவுனில் ஒரு டிவி கடையில் இரண்டு முப்பரிமாண டிவிகளுக்கு முன்னால் நின்று ஒரு மணி நேரம் விற்பனைக்காரரோடு மல்லுக்கட்டினேன். ஒன்றின் கண்ணாடி பேட்டரியில் ஓடும். இரண்டு கண்ணையும் மாறி மாறி மறைக்கும். படம் தெளிவு, ஆனால் தலை வலிக்கும். மற்றதன் கண்ணாடி லேசு. ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனிப் படம் காட்டும், தெளிவு கொஞ்சம் குறைவு. அப்பாவுக்குத் தலை வலிக்கக் கூடாதென்று இரண்டாவதை வாங்கினேன்.

வீட்டில் எல்லோரும் கண்ணாடி மாட்டி உட்கார்ந்தோம். பந்து ஒன்று திரையை விட்டு முகத்துக்கு நேரே பாய்ந்தது. நாங்கள் குனிந்தோம். அப்பா அசையவில்லை.

அப்போதுதான் உறைத்தது. செடெனாக் தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டும்போது முள் விழுந்து அவருக்கு இடது கண் போய்விட்டது. முப்பரிமாணம் தெரிய இரண்டு கண்ணும் வேண்டும்; ஒற்றைக் கண்ணுக்கு எந்த டிவியும் ஒன்றுதான். பெற்ற மகன் மறந்திருக்கிறேன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

எங்களைப் பார்த்துவிட்டு, தாமதமாக அப்பாவும் குனிந்தார். "நல்லாருக்குப்பா" என்றார்.