ரஹ்மத் அக்கா கட்டிய வரி

ரஹ்மத் அக்கா இறந்துவிட்ட செய்தியை அவருடைய தம்பி போனில் சொன்னபோது நான் டியூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் ஏறி ராஜபாளையத்தில் அவர் வீட்டுக்குப் போய்ச் சேரும்வரை அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. அவரோடு வேலை பார்த்த உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். நடந்ததில் பாதிதான் உங்களுக்குத் தெரியும். அந்தப் பாதியை வைத்தே பேசினீர்கள்.

நான் அரசு ஆஸ்பத்திரி நர்ஸ். அவர் அதே ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவர். கணவர் இறந்தபின் அம்மாவைத் தனியாகக் காப்பாற்றி வந்தார். சாயங்காலங்களில் ராஜபாளையத்தில் ஒரு டாக்டரின் நர்சிங் ஹோமிலும் எக்ஸ்ரே எடுத்தார். டாக்டர் மாதாமாதம் பணத்தைக் கையில் கொடுப்பார். எண்பதுகளில் எங்கள் ஆஸ்பத்திரியில் இப்படி வெளிவேலைக்குப் போகாதவர்களை விரல்விட்டு எண்ணலாம்.

தம்பி துணையோடு அம்மாவை ஹஜ்ஜுக்குக் கூட்டிப் போக வேண்டும் என்பது அக்காவின் ஆசை. அதற்காகச் சேர்த்த பணம்தான் அவரை உறுத்தியது.

"மக்காவுக்குப் போற காசுல மறைச்ச காசு கலக்கக் கூடாது ஏட்டி. வரி ஆபீசுல சொல்லிக் கட்டிட்டு வாரேன்" என்றார்.

"யாருமே கட்டலையேக்கா, ஒங்களுக்கு மட்டும் என்ன?"

"அவிய எல்லாம் ஹஜ்ஜுக்கா போறாக?" என்று சிரித்தார்.

போனார். வெளிவேலையில் வந்ததையெல்லாம் சொல்லி வரியையும் கட்டினார். தானாக வந்து சொன்னவர் என்று அங்கிருந்த அதிகாரி டீ வாங்கிக் கொடுத்தாராம். ஆனால் பணம் கொடுத்தவர் யார் என்று கேட்பது அவர் வேலை. டாக்டரை விசாரித்தார்கள். "அப்படி ஒரு அம்மா என்கிட்ட வேலையே பாக்கலை" என்று அவர் எழுதிக் கொடுத்துவிட்டார். ஒத்துக்கொண்டால் தன் எக்ஸ்ரே வருமானத்தையும் காட்ட வேண்டுமே.

அப்படியானால் பணம் எங்கிருந்து வந்தது? வரி ஆபீசிலிருந்து கடிதம் வந்ததும் எங்கள் மேலிடம் ஒரு பதில் கண்டுபிடித்தது: அரசு ஆஸ்பத்திரிக்கு வரும் ஏழைகளிடம் வாங்கிய லஞ்சம். அக்காவை சஸ்பெண்ட் செய்தார்கள். ஒரே பணத்துக்கு ஒரு அலுவலகம் வரி வாங்கிக்கொண்டது; இன்னொன்று அதை லஞ்சம் என்றது. "சாயங்காலம் ஆனா எங்க போச்சோ, யாரு கண்டா?" என்று கேன்டீனில் சொன்னவர் இன்றும் உங்களோடு வேலை பார்க்கிறார்.

அந்தச் சமயம் தேவதானத்திலிருந்து காலுக்கு மருந்து கட்ட வந்த பழைய பட்டாளத்துக்காரர் ஒருவர், "எக்ஸ்ரே அம்மா எங்க, காணோம்?" என்று கேட்டார். கால் முறிந்தபோது அந்த நர்சிங் ஹோமில் அவருக்குப் படம் எடுத்தது அக்காதான். விசாரணைக்கு வருவீர்களா என்று கேட்டேன். வந்தார்.

"இந்தம்மாதான் எடுத்துச்சு. டாக்டர் பக்கத்துலயே நின்னாரு. நான் பாத்ததைச் சொல்லுதேன், எழுதிக்கிடுங்க."

விசாரணை அதிகாரி பேனாவை எடுக்கும்வரை அவர் உட்காரவில்லை.

லஞ்சக் குற்றச்சாட்டு நிற்கவில்லை. ஆனால் அனுமதியில்லாமல் வெளிவேலை பார்த்ததற்காகச் சம்பள உயர்வை நிறுத்தி, ராமநாதபுரம் பக்கம் தூக்கி அடித்தார்கள். வெளிவேலை பார்த்த வேறு யாருக்கும் ஒன்றுமில்லை. டாக்டருக்கும் ஒன்றுமில்லை, அந்த வருஷமே நர்சிங் ஹோமுக்கு மாடி எடுத்தார். ஹஜ்ஜுக்குச் சேர்த்தது சஸ்பென்ஷன் மாதங்களில் அரிசிக்கும் மருந்துக்கும் கரைந்தது. அம்மா மக்காவைப் பார்க்காமலே இறந்துபோனார். அக்கா அதன்பின் ஹஜ் பேச்சையே எடுக்கவில்லை.

அக்கா இறந்த அன்று துக்க வீட்டு வாசலில் அந்த டாக்டர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். "நல்ல வேலைக்காரி. ஆறேழு வருஷம் என்கிட்டத்தான் இருந்தா" என்று பக்கத்திலிருந்தவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"இதை அன்னைக்கே எழுதிக் குடுத்திருக்கலாமே, டாக்டர்" என்றேன்.

யார் என்று தெரியாதவர்போல என்னைப் பார்த்தார். பிறகு டிரைவரைக் கூப்பிட்டுக் காரை எடுக்கச் சொன்னார். அங்கிருந்த உங்களில் ஒருவர்கூட வாய் திறக்கவில்லை.

மாற்றலாகிப் போகுமுன் அக்கா சாமான் கட்டிக்கொண்டிருந்தபோது கேட்டேன். "இம்புட்டுக்கும் பொறவு, இன்னொரு தடவைன்னா போய்ச் சொல்லுவீகளாக்கா?"

"சொல்லுவேன். ஆனா மொதல்ல அந்த டாக்டர்கிட்ட ரசீது வாங்கிக்கிட்டுப் போய்ச் சொல்லுவேன்."

அந்தப் பதிலைத்தான் நான் மனதில் வைத்திருக்கிறேன். சொல்லிவிட்டு அவர் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கு அன்றும் சிரிப்பு வரவில்லை, இன்றும் வரவில்லை.