சட்டைப் பையில் இருந்த பொட்டலம்

எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. ஐந்தாம் வகுப்போடு தறிக்கு வந்துவிட்டவன். தறி ஓடும்போது யாரும் நம்மிடம் பேச்சை எதிர்பார்க்க மாட்டார்கள். அந்த வேலை எனக்குப் பிடித்துப்போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

தொண்ணூறுகளில் சோமனூருக்குப் பக்கத்தில் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தோம். நான், மனைவி, பத்து மாதப் பெண் குழந்தை. இரண்டு வீடு தள்ளி என் அக்கா. தாயில்லாத என்னை வளர்த்தவள், பெண் பார்த்துக் கட்டி வைத்தவள். அவள் பேச்சை நான் மீறியதே இல்லை.

ஒரு மார்கழியில் குழந்தை பாலைக் கக்க ஆரம்பித்தது. பொழுது சாய்வதற்குள் பேதியும் சேர்ந்துகொண்டது. வெறும் தண்ணீராகப் போயிற்று. மறுநாள் காலை வேலைக்குப் போகாமல், ஊருக்கு வரும் நர்ஸம்மாவைத் தேடிப் போனேன். சின்னப் பெண். நான் திக்கித் திணறிச் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டது.

"இது வைரஸுங்கண்ணா. குடல்ல பூந்துக்கற கிருமி. அதைக் கொல்ல மருந்து கெடையாதுங்க. நாலஞ்சு நாள்ல அதுவா போயிரும். அதுவரைக்கும் குழந்தை வத்திப்போகாமப் பாத்துக்கணும், அவ்வளவுதான். எத்தனை தண்ணி வெளிய போகுதோ அத்தனையும் உள்ள போகோணும். கக்குனாலும் உடாதீங்க, கொஞ்ச நேரம் பொறுத்து ஒவ்வொரு கரண்டியாக் குடுங்க. குழந்தை குடிக்க முடியாமச் சோந்துபோனா உடனே ஆஸ்பத்திரி போயிருங்க."

உப்பும் சர்க்கரையும் கலந்த தூள் பொட்டலம் ஒன்றையும் கொடுத்தது. காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் ஒரு லிட்டரில் கரைக்க வேண்டும். பொட்டலத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன்.

வீட்டில் அக்கா பையோடு கிளம்பி நின்றாள். "தொக்கம் கட்டியிருக்குதுடா. வா, எடுத்துட்டு வந்தர்லாம்" என்றாள். எங்கள் பக்கத்தில் குழந்தை கக்கினால், எதையோ தின்று அது தொண்டைக்குள் சிக்கிக்கொண்டது என்பார்கள். அதுதான் தொக்கம். அதை உறிஞ்சி எடுப்பதற்கென்றே ஆட்கள் உண்டு.

"நர்ஸம்மா தண்ணி குடுக்கச் சொன்னாங்க" என்று முனகினேன்.

"யாரு, அந்தக் கண்ணாலம் ஆவாத புள்ளயா? மூணு பெத்து வளத்தவ நான் சொல்றேன். தண்ணியக் குடுத்து இன்னும் புடுங்க உடச் சொல்றியா?"

குழந்தையைத் தூக்கிக்கொண்டேன். பஸ் ஏறினோம்.

தொக்கம் எடுக்கும் அம்மாவின் வீட்டு வாசலில் இடுப்பில் குழந்தைகளோடு பத்துப் பதினைந்து பேர். எங்கள் முறை வந்ததும் அந்த அம்மா குழந்தையின் கழுத்தில் ஒரு சின்னக் குழாயை வைத்து உறிஞ்சி, உள்ளங்கையில் துப்பிக் காட்டினாள். "பாருங்க அம்மணி, பாக்குத் துண்டு."

எங்கள் வீட்டில் வெற்றிலை பாக்குப் போடுகிறவர்கள் யாரும் இல்லை. அந்த அம்மாவின் வாய்தான் சிவந்திருந்தது. நான் அந்த வாயையே பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். தலையைக் குனிந்துகொண்டது நான்தான்.

"பொழுது உழுகற வரைக்கும் பச்சத்தண்ணி காட்டக் கூடாதுங்க, பாலும் வேண்டாம். காட்டுனா மறுக்காக் கட்டிக்கும்."

திரும்பும் பஸ்ஸில் குழந்தை, முகம் துடைத்த ஈர முந்தானையை வாயில் வைத்துச் சப்பியது. மனைவி என் பக்கம் சாய்ந்து, "ஏனுங்க, ஒரே ஒரு கரண்டி குடுக்கட்டுங்களா?" என்று மெதுவாகக் கேட்டாள். முன் சீட்டிலிருந்து அக்கா திரும்பினாள். "பொறு கண்ணு, சாயங்காலம் வரைக்கும்தான்." நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். பொட்டலம் என் நெஞ்சுக்கு மேலேயே இருந்தது.

மத்தியானம் குழந்தையின் அழுகையில் கண்ணீர் வரவில்லை. பிறகு அழுகையே நின்றது. பேதியும் நின்றது. "பாத்தியா, நின்னுபோச்சு" என்றாள் அக்கா. எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது. குழந்தையின் உடம்பில் வெளியே போக இனித் தண்ணீரே இல்லை என்பது எனக்குத் தெரியவில்லை.

கண் குழி விழுந்த பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். கையிலும் காலிலும் ஊசி குத்திப் பார்த்தார்கள், நரம்பு கிடைக்கவில்லை. "கடைசியா எப்பங்க தண்ணி குடுத்தீங்க?" என்று டாக்டர் கேட்டார்.  அவருடைய பார்வை என் சட்டைப் பைக்குப் போனது. பொட்டலத்தின் முனை வெளியே தெரிந்தது. அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

குழந்தை அன்றே போய்விட்டது. "தொக்கம் எடுக்க ஒரு நாள் தாமசம் பண்ணிப்போட்டான்" என்று அக்கா வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள். நான் பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

பிறகு ஒரு மகன் பிறந்தான். ஒரு வயது ஆகும் முன்பே அவனுக்கும் அதே கக்கல், அதே பேதி. தொக்கம் எடுக்கக் கூட்டிப்போக அக்கா வந்தாள். என் மனைவி வாசற்படியை மறித்து நின்று, "வேண்டாமுங்க" என்றாள். அந்த ஒரு வார்த்தைதான். நான் சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை.

நான்கு நாள் இரண்டு பேரும் மாறி மாறி அந்த உப்புச் சர்க்கரைத் தண்ணீரை ஒவ்வொரு கரண்டியாகக் கொடுத்தோம். கக்கினான், கொடுத்தோம். பேதியானது, கொடுத்தோம். ஐந்தாம் நாள் காலையில் எழுந்து உட்கார்ந்து என் தட்டில் கை வைத்தான்.

மனைவி காலி டம்ளரையும் கரண்டியையும் மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். அப்புறம் என்னை நிமிர்ந்து பார்த்து, "இவ்வளவுதானுங்களா?" என்று கேட்டாள்.